பாட்டில்லாத படத்தில் இசை எங்கே?

திரைப்பட இசை என்றதும் நமது நினைவுக்கு வருபவை பாடல்கள். இன்ன பாடலைப் பாடியவர் யார், எழுதியவர் யார், எந்தப் படம், எந்த ஆண்டு என்று ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே ஏராளம். அதே படத்தில் பாடல்கள் தவிர்ந்த இரண்டு மணி நேரமும் ஒலித்த இசை எப்படி இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. கேட்கவில்லை என்பதல்ல. கேட்டிருக்கிறோம், அதனால் கண் கலங்கியும் இருக்கிறோம். ஆனால் கேட்டோம் என்பது நமக்குத் தெரியவில்லை. நேயர்களே, இவ்வாரம் அந்த இசையைப் பற்றிச் சிறிது பேசலாம் என எண்ணுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கொள்ளுப்பிட்டியில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஓர் ஒழுங்கையில், நண்பர் ஒருவரின் வீட்டில் பாலுமகேந்திராவின் ‘வீடு’ படத்தை வீடியோ நாடாவில் பார்த்தோம். 1988இல் வெளிவந்த படம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தங்கியிருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரும் எங்களுடன் இருந்தார். படம் முடிந்ததும் அவர் என்னைப் பார்த்து, “தம்பி, ஒரு பாட்டுக்கூட இல்லையே. பிறகேன் இளையராஜாவின்ரை பேரைப் போட்டவை?” என்று கேட்டார்.

“ஐயா, அந்தக் கிழவர் குடையோடை தனியப் போய்க் கட்டுற வீட்டைப் பார்த்தாரே, அப்ப உங்களுக்கு ஒண்டும் கேக்கேல்லையோ?” என்றேன்.

அவர் சிறிது யோசித்தார். “கேட்டதுதான். ஆனா அதை இசையெண்டு நான் நினைக்கேல்லை. அந்த மனுசன்ரை மனசெண்டு நினைச்சன்” என்றார்.

பின்னணி இசையைப் பற்றி நான் படித்த விளக்கங்கள் எவற்றையும்விட இந்தப் பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. நல்ல பின்னணி இசை தன்னை இசையாகக் காட்டிக்கொள்வதில்லை. அது பாத்திரத்தின் மனமாகவே நமக்குப்படுகிறது.

அப்படியானால் பாடல்களை மட்டும் நாம் நினைவில் வைத்திருப்பதற்குக் காரணம் என்ன? அழகுணர்ச்சி மட்டும் காரணமல்ல, தொழில்நுட்பமும் ஒரு காரணம். பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடிய நேரமே பதியலாம். ஒரு பாடல் அதற்குள் அடங்கும். காட்சிக்குக் காட்சி துண்டு துண்டாக, இருபது வினாடி, ஒன்றரை நிமிடம் என வரும் பின்னணி இசை அதற்குள் அடங்காது, விற்பனைக்கும் உதவாது. பின்னர் நீண்டநேர இசைத்தட்டுகள் வந்தபோது சில படங்களின் கதை வசனங்கள்கூடத் தட்டுகளாக வந்தன. பின்னணி இசை மட்டும் வந்தது மிக அபூர்வம்.

இசைத்தட்டில் எது இருந்ததோ அதுவே வானொலியிலும் ஒலித்தது. இதில் நமது கொழும்புக்குத் தனிப் பங்கு உண்டு. 1950ஆம் ஆண்டு இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கியது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை வெகுவாகக் குறைத்துக்கொண்டபோது, இந்திய நேயர்களின் காதுகள் கொழும்புப் பக்கம் திரும்பின. தமிழ்ச் சேவையைப் பாக்கு நீரிணைக்கு அப்பாலும் ஆர்வத்தோடு கேட்டார்கள். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீட் ஆகியோரின் குரல்களோடு சேர்ந்தே திரைப்பாடல் பல வீடுகளுக்குள் நுழைந்தது. ‘இசையும் கதையும்’ நிகழ்ச்சியில் நேயர் எழுதிய கதைக்கு நடுவே திரைப்பாடல்களைக் கோத்துத் தருவார்கள். திரைப்படத்திலிருந்து பாடலைப் பிரித்து, வேறொரு கதைக்கு அதையே பின்னணியாக்கிய முறை அது. அந்நிகழ்ச்சிகள் நமது செவிக்குப் பெரிய கொடை. ஆனால் அவை நமக்குப் பழக்கியது பாடலைத்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அதுதான் ஒலிச்சித்திரம். ஒரு முழுப் படத்தின் ஒலிப்பதிவைச் சுருக்கி, படமில்லாமல் ஒலியை மட்டும் வானொலியில் தருவார்கள். கதவு திறக்கும், யாரோ நடப்பார்கள், வசனம் நிற்கும், வயலின்கள் எழும். அங்கே என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது. அந்த வயலின்களைக் கேட்டுத்தான் ஊகிக்க வேண்டும். பின்னணி இசையைக் காது கொடுத்துக் கேட்க நமக்குக் கிடைத்த முதற் பயிற்சி அதுவே என்பேன்.

இனி, இந்த இசை எப்படி உருவாகிறது என்பதைப் பார்ப்போம். பாடல்கள் பெரும்பாலும் படப்பிடிப்புக்கு முன்னரே பதிவாகிவிடும். பின்னணி இசையின் முறை, படத்தொகுப்பு முடிந்த பின்னரே வருகிறது. படச்சுருள்களில் எடுத்த காலத்தில், பத்துப் பதினொரு நிமிடம் ஓடும் ஒவ்வொரு சுருளாகத் திரையிட்டு, இசை எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று இசையமைப்பாளர் குறித்துக்கொள்வார். பின்பு அதே சுருள் திரையில் ஓட, வாத்தியக்காரர்கள் அதற்கேற்ப வாசிப்பார்கள். ஒருவர் பிசகினால் மீண்டும் முதலிலிருந்து. வினாடிக்கு 24 படங்கள் ஓடும் திரையில், அரை வினாடி முந்தினால் அழுகை வருமுன்னரே இசை அழுதுவிடும். காட்சியைப் பார்த்த கையோடு இசைக்குறிப்புகளைத் தாமே எழுதி வாத்தியக்காரரிடம் நீட்டும் ஆற்றலுக்காக இளையராஜா பெயர் பெற்றது இந்த வேலையில்தான்.

இப்படி உருவாகும் இசை செய்யும் பணிகள் பல. முக்கியமானவையாக மூன்றைச் சொல்லலாம்.

முதலாவது, காட்சியால் சொல்ல முடியாததைச் சொல்வது. சத்தியஜித் ரேயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955) இதற்கு என்றைக்கும் எடுத்துக்காட்டு. ஊர் திரும்பும் தகப்பன், மகள் இறந்தது தெரியாமல் அவளுக்கென்று வாங்கிவந்த சேலையை எடுத்து நீட்டுகிறான். தாய் கதறுகிறாள். ஆனால் அவளது குரல் நமக்குக் கேட்பதில்லை. அதற்குப் பதிலாகத் தார் ஷெனாய் என்ற வாத்தியம் உச்ச ஸ்தாயியில் எழுகிறது. எஸ்ராஜ் என்னும் வில் வாத்தியத்தில் ஒரு குழலைப் பொருத்திச் செய்தது அது. ஒரு தாயின் அழுகையைக் கேட்டிருந்தால் அவளுக்காக இரங்கியிருப்போம். இசையாகக் கேட்கும்போது அது எல்லாத் தாய்மாரின் அழுகையாகிவிடுகிறது. இப்படத்துக்கு இசையமைத்த ரவிசங்கர், ஏறத்தாழ முழு இசையையும் ஒரே இரவில் பதிவு செய்து முடித்தார் என்பது வியப்பான செய்தி.

இரண்டாவது, காலத்தைக் கட்டி வைப்பது. மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987) படத்தில், தாலாட்டுப் போன்ற ஒரு மெட்டு தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. சிறுவன் வளர்கிறான், தாதாவாகிறான், தகப்பனாகிறான், கிழவனாகிறான். அந்த மெட்டு வாத்தியம் மாறி, வேகம் மாறி அவனைத் தொடர்ந்து வருகிறது. வெள்ளை வேட்டி கட்டிய அந்த முதியவருக்குள் இன்னும் அநாதைச் சிறுவன் ஒருவன் இருக்கிறான் என்பதை வசனம் சொல்லியிருந்தால் செயற்கையாக இருந்திருக்கும். மெட்டு சொல்வதால் நாமே கண்டுபிடித்ததாக உணர்கிறோம்.

மூன்றாவது, எங்கே மௌனமாக இருப்பது என்று அறிவது. அல்பிரட் ஹிச்கொக் ‘சைக்கோ’ (1960) படத்தின் குளியலறைக் கொலைக் காட்சியை இசையில்லாமல் விடவே முதலில் விரும்பினார். இசையமைப்பாளர் பேர்னாட் ஹேர்மன் தந்தி வாத்தியங்களை மட்டும் வைத்துக் கிறீச்சிடும் இசையை அமைத்துக் காட்டினார். ஹிச்கொக் மனம் மாறினார். இன்று அந்த இசையில்லாமல் அக்காட்சியை நினைக்கவே முடியாது. ஆனால் அதே இருவரும் ‘த பேர்ட்ஸ்’ (1963) படத்தில் வழமையான இசையையே விட்டுவிட்டு, பறவைகளின் ஒலியையும் மின்னணுக் கருவியில் எழுப்பிய ஒலிகளையும் மட்டும் கையாண்டார்கள். ஒரு படத்தில் இசையே பயம், மற்றதில் இசையின்மையே பயம். இரண்டுக்கும் தேவைப்பட்டது ஒரே செவிதான்.

தமிழில் இந்தத் துணிவு புதியதல்ல. 1954இல் ஏவி.எம். தயாரித்த ‘அந்த நாள்’ படத்தில் பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. நெறியாண்டவர் எஸ். பாலசந்தர். அவர் புகழ்பெற்ற வீணைக் கலைஞர் என்பதைக் கவனிக்க வேண்டும். 1965இல் ஜெயகாந்தன் நெறியாண்ட ‘உன்னைப்போல் ஒருவன்’ படத்துக்கு இசை, வீணை வித்துவான் சிட்டிபாபு. இசையில் தோய்ந்தவர்களே பாட்டில்லாத படங்களோடு சம்பந்தப்பட்டிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. இசையை நன்கு அறிந்தவனுக்குத்தான் அதை எங்கே வைக்கக்கூடாது என்பதும் தெரியும்.

பாலுமகேந்திராவும் அந்த வழியில் வந்தவர். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த அவர், பள்ளி மாணவராக இருந்தபோது, இங்கே இலங்கையில் நடந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ படப்பிடிப்பைப் பார்த்தார். டேவிட் லீன் என்ற நெறியாளர் வேலை செய்வதைக் கண்டதே தம்மைச் சினிமாவின் பக்கம் திருப்பியது என்று பின்னாளில் கூறியிருக்கிறார்.

கித்துல்கலவில் பாலம் கட்டிப் படமாக்கிய அந்த 1957ஆம் ஆண்டுப் படத்தின் இசையும் நமது பேச்சுக்குப் பொருத்தமானது. கிழிந்த சப்பாத்துகளோடு முகாமுக்குள் நுழையும் பிரித்தானியக் கைதிகள் சீழ்க்கை அடித்துக்கொண்டே அணிவகுத்து வருகிறார்கள். மெட்டு, 1914இல் ஓர் இராணுவ வாத்தியக் குழுத் தலைவர் அமைத்த அணிநடை இசை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சிப்பாய்கள் அதற்கு ஹிட்லரைக் கேலி செய்யும் கொச்சையான வரிகளைப் போட்டுப் பாடிவந்தார்கள். அவற்றைத் திரையில் பாட முடியாது. ஆகவே சீழ்க்கை. தோற்றவர்கள் தோற்கவில்லை என்பதை அந்தச் சீழ்க்கை சொன்னது. சொல் இல்லாததாலேயே உலகம் முழுவதற்கும் அது விளங்கியது. மல்கம் ஆர்னல்ட் அதனோடு தமது சொந்த அணிநடை ஒன்றையும் இணைத்து அமைத்த இசைக்கு ஒஸ்கார் விருது கிடைத்தது.

‘வீடு’ படத்துக்கு வருவோம். அதில் நாம் கேட்கும் இசை அப்படத்துக்கென்று அமைத்ததன்று. 1986இல் இளையராஜா வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்ற வாத்திய இசைத் தொகுப்பிலிருந்து எடுத்தது. தியாகராஜ சுவாமிகளுக்கும் ஜேர்மனிய மேதை பாஹுக்கும் காணிக்கையாக்கிய அத்தொகுப்பில், வி.எஸ். நரசிம்மனின் வயலின் முதன்மை பெறுகிறது. வேறெதற்கோ பிறந்த இசை, சொக்கலிங்க பாகவதர் நடித்த அந்த முதியவரின் மகிழ்ச்சிக்கு எப்படிப் பொருந்தியது? கட்டி முடியாத சுவரை அவர் தடவிப் பார்க்கும்போது வசனம் இல்லை. அதுவே அவரது கடைசிப் பயணம் என்பது நமக்கு அப்போது தெரியாது. இசைக்குத் தெரிந்ததுபோல இருக்கிறது. இசையை அமைப்பது இசையமைப்பாளர் என்றாலும், அதை எங்கே வைப்பது என்று அறியும் காது நெறியாளருக்கும் வேண்டும்.

இனி நமது நாட்டுக்கு வருவோம். 1947இல் வெளிவந்த முதற் சிங்களப் பேசும்படமான ‘கடவுணு பொறொந்துவ’வை எஸ்.எம். நாயகம் என்ற தமிழர் மதுரையில் தயாரித்தார். அதன்பின் நெடுங்காலம் சிங்களப் படங்களின் பாடல்கள் தமிழ், இந்தி மெட்டுகளின் பிரதிகளாகவே இருந்தன. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’வை ஸ்டூடியோவுக்கு வெளியே எடுத்தபோது இசையும் வெளியே வந்தது. மார்சலின் ஜயக்கொடி அடிகளாரின் வரிகளுக்குச் சுனில் சாந்த இந்த மண்ணின் மெட்டுகளைத் தந்தார். 1965இல் புதுடில்லி விழாவில் தங்கமயில் விருது பெற்ற ‘கம்பெரலிய’வுக்கு அமரதேவ அடக்கமான இசையை அமைத்தார்.

அவர்களுக்குப் பின் பிரேமசிறி கேமதாச. 1968இல் வந்த ‘கோலு ஹதவத்த’ என்ற படத்தின் தலைப்பை ‘ஊமை இதயம்’ எனத் தமிழாக்கலாம். அதன் கருப்பொருள் இசையை நான் முதலில் கேட்டது படமாளிகையில் அல்ல, காலி வீதியில் ஓடிய ஒரு பஸ் வண்டியின் வானொலிப் பெட்டியில். அப்போது எனக்குச் சிங்களம் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கும் அளவுக்கே தெரியும். அந்த இசைக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. பேச முடியாமற் போன ஒரு காதல் என்று விளங்கியது. நடத்துனர் சில்லறை எண்ணியபடியே அதைச் சீழ்க்கையடித்தார்.

பாடலுக்கு மொழி உண்டு, பின்னணி இசைக்கு மொழி இல்லை. இதை நமது நாட்டு வரலாறே காட்டுகிறது. நாகர்கோவிலில் பிறந்து இங்கு வந்த ஆர். முத்துசாமி, இலங்கை வானொலியிலும் சிங்களப் படங்களிலும் இசையமைத்து அம்மக்களின் சொந்த இசைஞரானார். 1972இல் ‘குத்துவிளக்கு’ என்ற ஈழத்துத் தமிழ்ப் படத்துக்கும் அவரே இசை. மறுபுறம், 1977இல் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில், காவலூர் இராசதுரையின் எழுத்தில் ‘பொன்மணி’யை எடுத்தபோது கேமதாச இசையமைத்தார். சாதியையும் சீதனத்தையும் பேசிய அந்தத் தமிழ்ப் படத்துக்குத் தென்னிலங்கையின் சிங்களக் கலைஞர் இசை தந்தார். படம் வசூலில் வெற்றி பெறவில்லை. ஆனால் அந்த ஒத்துழைப்பு நடந்தது என்பதே நாம் மறக்கக்கூடாத செய்தி.

ஆறே ஆண்டுகளில் 1983 ஜூலை வந்தது. கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது, அங்கிருந்த படங்களின் மூலச்சுருள்களும் சாம்பலாயின. இங்கே தொழில்நுட்ப உண்மை ஒன்றை நினைவுகூர வேண்டும். படத்தின் ஒலி, சுருளின் ஓரத்தில் ஓடும் ஒரு மெல்லிய கோட்டில்தான் பதிந்திருக்கிறது. பாடலுக்கு இசைத்தட்டு உண்டு. அது வானொலி நிலையத்தின் தட்டறையில் தப்பிக்கிடக்கலாம், யாரோ ஒருவரின் ஒலிநாடாவில் இருக்கலாம். பின்னணி இசைக்கு வேறு வீடு இல்லை. படச்சுருள் எரிந்தால் அதுவும் எரியும், பூஞ்சணம் பிடித்தால் அதுவும் போகும். எழுதிய இசைக்குறிப்புகளைப் பேணிவைக்கும் வழக்கமும் நம்மிடம் குறைவு.

தமிழ்நாட்டில் இன்று இளைஞர்கள் பழைய படங்களிலிருந்து பின்னணி இசைத் துண்டுகளைப் பிரித்தெடுத்து, ‘பிஜிஎம்’ என்ற பெயரில் கைபேசிகளில் சுற்றவிடுகிறார்கள். பாட்டு மட்டுமே இசை என்ற பழைய எண்ணம் மாறிவருவதன் அடையாளம் இது. பாடல் இல்லாத பகுதியை அந்தப் பிள்ளைகள் தேடிக் கேட்கிறார்கள் என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அவர்கள் தேட வேண்டுமானால் படம் மிஞ்சியிருக்க வேண்டும். நமது ஈழத்துப் படங்களின் நிலை வேறு. 2008இல் கேமதாச மறைந்தார், 2018இல் பத்திராஜ மறைந்தார். அப்படங்களில் வாசித்தவர்கள், ஒலிப்பதிவு செய்தவர்கள் ஆகியோரில் எஞ்சியிருப்போர் முதுமையில் இருக்கிறார்கள். எந்தக் காட்சிக்கு யார் புல்லாங்குழல் வாசித்தார் என்பதை அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கக்கூடிய காலம் நீண்டதல்ல. எந்த வீட்டு அலுமாரியிலாவது பழைய பிரதியோ வீடியோ நாடாவோ ஒலிநாடாவோ கிடந்தால், அதைக் குப்பையில் போடுமுன் விபரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

கேட்கும் பழக்கத்தையும் நாம் வளர்த்துக்கொள்ளலாம். அதற்கு இசை ஞானம் தேவையில்லை. உங்களுக்குப் பிடித்த ஒரு காட்சியை முதலில் ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பின்பு திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒலியை மட்டும் கேளுங்கள். மூன்றாவது முறை இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நடிகர் செய்தது எவ்வளவு, இசை செய்தது எவ்வளவு என்பது அப்போது பிரிந்து தெரியும். இசை எங்கே நின்றது என்பதையும் கவனியுங்கள். பல படங்களில் அந்த இடத்தில்தான் நமக்குத் தொண்டை அடைத்திருக்கும்.

இந்த முறையில் எனக்குப் பிடித்த படங்களில் சிலவற்றை மீண்டும் பார்த்தேன். நன்றாக நடித்ததாக நான் நெடுநாள் நம்பியிருந்த ஒரு நடிகர், ஒலியில்லாமல் வெறுமனே யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் பெயர் தெரியாத ஒரு வயலின்காரர் செய்திருந்தார்.